காரைக்குடியிலிருந்து பனாஜிக்கு: சின்னத் தொகையில் போக்கர் ஆடத் தனியாகப் போகிறவர்களுக்கு

நம் பக்கம் சீட்டுக் கட்டைத் தொடாத ஆள் குறைவு. கல்யாண வீட்டில் ராத்திரிப் பந்தி முடிந்து பட்டாலையில் ஜமுக்காளம் விரித்தால் ரம்மியோ மூணு சீட்டோ விடிய விடிய ஓடும். அப்படிப் பழகின கையோடு செல்போனில் டெக்சாஸ் ஹோல்டெம் (கையில் இரண்டு சீட்டும் நடுவில் எல்லோருக்கும் பொதுவான ஐந்து சீட்டும் வைத்து ஆடும் போக்கர்) கற்றுக்கொண்டு, ஒரு தடவையாவது நிஜ மேஜையில் நிஜ சிப் வைத்து ஆடிப் பார்க்க வேண்டும் என்று நினைக்கிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். ஊரிலிருந்து கிளம்பி, பனாஜியில் இரண்டு மூன்று இரவு தங்கி, இருப்பதிலேயே சின்ன மேஜையில் ஆடிவிட்டு, வீட்டில் யாருக்கும் பதில் சொல்லத் தடுமாறாமல் திரும்பி வருவது எப்படி என்பதுதான் விஷயம். முதல் தடவையே பணம் பண்ணிக்கொண்டு வரலாம் என்று யாராவது சொன்னால் தயவுசெய்து நம்பாதீர்கள்.

தமிழ்நாட்டில் கேசினோ கிடையாது. கோவாவில் 1976ஆம் ஆண்டுச் சூதாட்டச் சட்டத்தில் பிறகு செய்த திருத்தங்களின்படி நட்சத்திர ஹோட்டல்களிலும் கப்பல்களிலும் உரிமம் வாங்கி நடத்துகிறார்கள். பனாஜியில் மாண்டோவி ஆற்றில் நிற்கும் டெல்டின் ராயல், பிக் டாடி போன்றவை அந்தக் கப்பல் வகை. உள்ளே போக 21 வயது நிறைந்திருக்க வேண்டும். கோவாக்காரர்களுக்கே 2020 பிப்ரவரி முதல் அனுமதி கிடையாது, வெளியூர்க்காரர்கள் மட்டும்தான் ஆடலாம். செல்போனில் பணம் கட்டிப் பழகிக்கொள்ளலாம் என்ற வழி 2025 ஆகஸ்டில் வந்த மத்தியச் சட்டத்தோடு மூடிவிட்டது, எனவே பயிற்சிக்குக் காசில்லாத இலவசச் செயலிகள் போதும். அதில் ஆட்டத்தின் வரிசையும் கைகளின் மதிப்பும் விரல்நுனிக்கு வந்தால் சரி. மற்றதெல்லாம் மேஜையில்தான் வரும்.

பணத்தை ஊரிலேயே முடிவு செய்யுங்கள்

எல்லாவற்றையும் விட இதுதான் முக்கியம், அதனால் கொஞ்சம் நீட்டியே சொல்கிறேன். கொண்டுவிக்கப் போன, அதாவது கடல் கடந்து தொழில் செய்யப் போன நம் ஊர்க்காரர்கள் பர்மாவிலும் மலாயாவிலும் கடையைச் சாத்தும் முன் அன்றன்றைய சிட்டையை எழுதி இருப்பைச் சரிபார்த்துவிட்டுத்தான் படுத்தார்கள். அந்தப் பழக்கம் இந்தப் பயணத்துக்கு அப்படியே வேண்டும்.

ஒரு சின்ன நோட்டை எடுத்துக்கொள்ளுங்கள். முதல் பக்கத்தில் பயணச் செலவு: போக வர டிக்கெட், தங்குமிடம், சாப்பாடு, டாக்சி. அடுத்த பக்கத்தில் ஆட்டப் பணம். இரண்டும் ஒன்றோடொன்று கலக்கவே கூடாது, திரும்பி வரும் டிக்கெட்டைக் கிளம்புவதற்கு முன்பே எடுத்துவிட வேண்டும். ஆட்டப் பணம் என்று எழுதும் தொகை முழுவதும் போய்விட்டாலும் அடுத்த மாதம் வீட்டில் எதுவும் நிற்கக் கூடாது. பிள்ளைகளின் ஃபீஸ், மாதச் சீட்டுக்குக் கட்டும் பணம், கடைக்குச் சரக்கு எடுக்க வைத்திருப்பது, இதையெல்லாம் தொட்டுத்தான் போக முடியும் என்றால் இந்த வருஷம் போக வேண்டாம். நகையை அடகு வைத்தோ கைமாற்று வாங்கியோ போகிறவர் இந்தக் கட்டுரையை இத்தோடு மூடிவைத்துவிடலாம். பதற்றத்தோடு உட்கார்ந்தவரின் பணம் அந்த மேஜையில் நிற்காது. சீட்டில் பணம் விட்டுக் குடும்பமே உட்கார்ந்துபோன வீடுகளை நம் ஊர்களில் எல்லோரும் பார்த்திருக்கிறோம், அதனால்தான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

எவ்வளவு என்று கேட்டால், மேஜையின் அளவைப் பொறுத்தது. ப்ளைண்ட் என்பது சீட்டு வரும் முன்பே இரண்டு பேர் முறைவைத்துக் கட்டாயமாக வைக்கும் சின்ன, பெரிய தொகைகள். அது 50/100 என்று எழுதியிருந்தால் பிக் ப்ளைண்ட் 100 ரூபாய், அதன் நூறு மடங்கு, அதாவது 10,000 ரூபாய், ஒரு முழு பை-இன், அதாவது மேஜையில் உட்காரும்போது சிப்பாக வாங்கும் தொகை. 100/200 என்றால் 20,000. ஒரு இரவுக்கு ஒரு பை-இன், அது போனால் இன்னொன்று, அதற்கு மேல் கிடையாது என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு இரவு ஆட நான்கு பை-இன். இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்தாலே, கேசினோவில் 'சின்ன மேஜை' என்பது நம் வருமானத்துக்குச் சின்னது இல்லை என்று புரிந்துவிடும். தொகை அதிகமாகத் தெரிந்தால் ஒரே இரவு மட்டும் ஆடுங்கள், அல்லது மேஜையில் அனுமதிக்கும் குறைந்தபட்ச பை-இன்னோடு உட்காருங்கள். அதில் வெட்கம் எதுவும் இல்லை.

அப்புறம், ஆட்டப் பணத்துக்கென்று தனி வங்கிக் கணக்கு இருந்தால் நல்லது. அந்தக் கணக்கின் யுபிஐ மட்டும் செல்போனில் இருக்கட்டும். மற்ற ஏடிஎம் கார்டுகளை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போங்கள். எங்கே தங்குகிறோம், எவ்வளவு கொண்டுபோகிறோம், என்றைக்குத் திரும்புகிறோம் என்ற மூன்றையும் வீட்டில் ஒருவரிடமாவது உள்ளபடி சொல்லுங்கள். மனைவியிடம் சொல்ல முடியாத தொகை என்றால் அது கொண்டுபோகக் கூடாத தொகை.

தொலைபேசியில் கேட்க வேண்டியவை

டிக்கெட் எடுக்கும் முன் கேசினோவின் போக்கர் அறைக்கே பேசுங்கள். பொது எண்ணில் எடுப்பவர் நுழைவு பேக்கேஜை விற்கத்தான் பார்ப்பார், போக்கர் அறையைக் கேட்டு வாங்குங்கள். நான் போகும் நாளில் ஓடும் மிகச் சின்ன ஹோல்டெம் மேஜை எது, குறைந்தபட்ச பை-இன் எவ்வளவு, எத்தனை மணிக்கு ஆட்டம் தொடங்கும், போக்கர் மட்டும் ஆடுகிறவருக்கு நுழைவுக் கட்டணம் உண்டா, ரேக் (ஒவ்வொரு கையிலும் நடுவில் சேரும் பணத்திலிருந்து கேசினோ எடுத்துக்கொள்ளும் பங்கு) எத்தனை சதவீதம், அதற்கு உச்சவரம்பு எவ்வளவு. இவ்வளவையும் கேளுங்கள்.

வரியையும் கேளுங்கள். கேசினோவில் சிப் வாங்கக் கொடுக்கும் பணத்துக்கு 2023 அக்டோபர் 1 முதல் 28 சதவீத ஜிஎஸ்டி வந்தது, 2025 செப்டம்பர் 22 முதல் அது 40 சதவீதம். போக்கர் மேஜையில் உங்கள் கையிலிருந்து போகும் 10,000 ரூபாய்க்கு எத்தனை ரூபாய் சிப் மேஜைக்கு வரும் என்று நேராகவே கேட்டு நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள். பதில் மழுப்பலாக இருந்தால் வேறு அறைக்குப் பேசலாம்.

பெரிய போக்கர் தொடர்ப்போட்டி நடக்கும் வாரத்தில் மேஜைகள் நிறைய ஓடும், ஆனால் காத்திருப்பும் நீளம், மேஜைகளின் அளவும் ஏறிவிடும். முதல் தடவைக்குச் சாதாரண வாரத்தின் நடுநாட்கள் போதும். கிறிஸ்துமஸ், புத்தாண்டு நாட்களில் கோவாவில் அறை வாடகை எகிறிவிடும், அந்தப் பக்கமே போக வேண்டாம்.

போவதும் தங்குவதும்

விமானம் என்றால் திருச்சியிலிருந்தோ மதுரையிலிருந்தோ பெங்களூரு, சென்னை வழியாக மாறிப் போகலாம். கோவாவில் இரண்டு விமான நிலையங்கள், பழைய டபோலிம் ஒன்று, 2023 ஜனவரியில் சேவை தொடங்கிய மோப்பா ஒன்று. இரண்டும் பனாஜிக்கு 30, 35 கிலோமீட்டர்தான், டிக்கெட்டில் எது என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். இரண்டிலிருந்தும் கதம்பா அரசுப் பேருந்து உண்டு, டாக்சியை விட மிக மலிவு. செலவைக் குறைக்க நினைத்தால் பெங்களூருவுக்கு ராத்திரிப் பேருந்து, அங்கிருந்து பனாஜிக்கு இன்னொரு ராத்திரிப் பேருந்து, பகலில் பெங்களூருவில் குளித்து ஓய்வு. ரயிலில் வந்தால் மட்காவ் பெரிய நிலையம், கர்மாலி பனாஜிக்குப் பக்கம்.

தங்குவதற்குக் கடற்கரைப் பக்கம் போகாதீர்கள். பனாஜி ஊருக்குள்ளேயே, ஃபோன்டெய்னாஸ் பகுதியிலோ கதம்பா பேருந்து நிலையத்தை ஒட்டியோ அறை எடுத்தால் ஆற்றங்கரைக்கு நடந்தே போகலாம், பின்னிரவில் டாக்சிக்காரரோடு பேரம் பேச வேண்டாம். ஃபோன்டெய்னாஸ் போர்த்துக்கீசியர் காலத்துப் பழைய குடியிருப்பு, ஓட்டுக்கூரையும் நிறம் பூசின சுவரும் குறுகின தெருவுமாக இருக்கும். ஆத்தங்குடிக் கல் பாவின வீட்டில் வளர்ந்தவர்களுக்கு அந்தத் தெருக்களில் ஒரு பகல் முழுக்க வேடிக்கை பார்க்க விஷயம் உண்டு. பகலை அப்படித்தான் கழிக்க வேண்டும். பகலிலும் கேசினோவில் போய் உட்காராதீர்கள்.

கப்பலுக்குள்

ஆதாரோ பாஸ்போர்ட்டோ, கூடவே பான் அட்டையும் இருக்கட்டும். முழுக்கால் சட்டை, காலர் வைத்த சட்டை, ஷூ போட்டுப் போங்கள், அரைக்கால் சட்டைக்கும் செருப்புக்கும் வாசலிலேயே தடை வரலாம். ஆற்றங்கரைப் படகுத்துறையில் பதிவு முடிந்ததும் சின்னப் படகில் கப்பலுக்குக் கூட்டிப்போவார்கள்.

நுழைவு பேக்கேஜ் வாங்கினால் சாப்பாடு, குடி, கொஞ்சம் ஆட்டக் கூப்பன் எல்லாம் சேர்ந்து வரும். அந்தக் கூப்பனைப் பணமாக்க முடியாது, மேஜையில் ஒரு தடவை வைத்து ஆடத்தான். அதை உள்ளே ஏதாவது ஒரு மேஜையில் வைத்துத் தீர்த்துவிட்டு, மேற்கொண்டு அங்கே ஒரு ரூபாயும் வைக்காமல் போக்கர் அறைக்குப் போங்கள். போகிற வழியெல்லாம் ரூலெட், மூணு சீட்டு, அந்தர் பாஹர். அந்தர் பாஹர் என்பது நம் ஊர் மங்காத்தாதான், பார்த்ததும் கை ஊறும். ஆனால் அந்த ஆட்டங்கள் எல்லாவற்றிலும் எதிராளி கேசினோ. ஒற்றைப் பூஜ்யம் உள்ள ரூலெட்டில் வைக்கும் ஒவ்வொரு நூறு ரூபாயிலும் சராசரியாக 2 ரூபாய் 70 காசு அவர்களுக்கு, இரட்டைப் பூஜ்யம் என்றால் 5 ரூபாய்க்கு மேல். நீங்கள் எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும் அந்தக் கணக்கு மாறாது. போக்கரில் எதிரே இருப்பவர்கள் உங்களைப் போல வந்தவர்கள், கேசினோ ரேக் மட்டும் எடுத்துக்கொள்ளும், அதனால்தான் இங்கே பொறுமைக்கு ஒரு மதிப்பு இருக்கிறது. குடிக்காதீர்கள். இலவசம் என்று வருவதில் மேஜையில் எதிரே இருப்பவர்களுக்கு அதிக லாபம் கொடுப்பது அதுதான். கடன் தருகிறேன் என்று பேச்சுக்கொடுப்பவர் யாராக இருந்தாலும் எழுந்து நகர்ந்துவிடுங்கள்.

போக்கர் அறையில் ஃப்ளோர் மேற்பார்வையாளரிடம் பெயரும் மேஜை அளவும் சொல்லிப் பட்டியலில் சேருங்கள். ஹோல்டெம் என்று அழுத்திச் சொல்லுங்கள். பக்கத்திலேயே நான்கு சீட்டு கொடுக்கும் ஓமஹா ஓடிக்கொண்டிருக்கலாம், அதில் பணம் இரண்டு மடங்கு வேகமாகக் கைமாறும், புதியவருக்கு ஆகாது. காத்திருக்கும் நேரத்தில் தூரத்தில் நின்று அந்த மேஜையை அரைமணி பாருங்கள். யார் எல்லாக் கையும் ஆடுகிறார், யார் சிப்பைத் தொடவே இல்லை, இது தெரிந்து உட்கார்ந்தால் பாதி வேலை முடிந்தது.

மேஜையில் கை வைக்கும் முன்

மூணு சீட்டுப் பழக்கத்தில் வருகிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. அங்கே வரிசை கலரை அடிக்கும். போக்கரில் ஐந்து சீட்டும் ஒரே இனமாக இருக்கும் ஃப்ளஷ், வரிசையான ஸ்ட்ரெய்ட்டை அடிக்கும். அங்கே மூன்றும் ஒரே சீட்டாக வந்தால் அதற்கு மேல் எதுவும் கிடையாது, இங்கே அது ஸ்ட்ரெய்ட்டுக்கும் கீழே. ஸ்ட்ரெய்ட், ஃப்ளஷ், ஃபுல் ஹவுஸ் (மூன்று ஒரே சீட்டும் ஒரு ஜோடியும்), நான்கும் ஒன்று, ஸ்ட்ரெய்ட் ஃப்ளஷ் என்று ஏறும் வரிசையை மனப்பாடம் செய்யாமல் படகு ஏறாதீர்கள்.

வாயால் சொன்னது கட்டுப்படுத்தும். 'ரெய்ஸ்' என்று சொல்லிவிட்டால் உயர்த்தித்தான் ஆக வேண்டும். எதுவும் சொல்லாமல் பெரிய மதிப்புள்ள ஒற்றைச் சிப்பை வைத்தால் அது கால் (முன்னவர் வைத்த தொகைக்குச் சமமாக வைப்பது) என்றுதான் கணக்கு, எனவே உயர்த்துவதாக இருந்தால் முதலில் தொகையைச் சொல்லிவிட்டுப் பிறகு சிப்பை எடுங்கள். சிப்பைத் தவணை தவணையாக முன்னால் தள்ளினால் செல்லாது. உங்கள் முறை வரும்வரை சீட்டை வீசாதீர்கள், சீட்டின் மேல் ஒரு சிப் வைத்துப் பத்திரப்படுத்துங்கள், ஜெயித்தாலும் டீலர் பணத்தை உங்கள் பக்கம் தள்ளும்வரை இரண்டு சீட்டையும் கையை விட்டு விடாதீர்கள். நடக்கிற கையைப் பற்றிப் பேசக் கூடாது, தமிழில் பேசினாலும்தான். ஜெயித்த சிப்பில் பாதியைப் பைக்குள் போட முடியாது, எழுந்து போகும்போதுதான் எல்லாம் எழுந்து வரும். ஆனால் எழுந்து போக எப்போது வேண்டுமானாலும் உரிமை உண்டு, ஜெயித்துவிட்டு எழுந்தால் யாராவது முகம் சுளிப்பார்கள், அதற்காக உட்காராதீர்கள்.

ஸ்ட்ராடில் என்று ஒன்று வரும், கவனியுங்கள். சீட்டு வரும் முன்பே ஒருவர் பிக் ப்ளைண்டைப் போல இரண்டு மடங்கை வைப்பது. 50/100 மேஜையில் 200 ஸ்ட்ராடில் ஒவ்வொரு கையிலும் விழுந்தால் அது உண்மையில் 100/200 மேஜை, உங்கள் 10,000 ரூபாய் நூறு மடங்கிலிருந்து ஐம்பது மடங்காகச் சுருங்கிவிட்டது. நீங்கள் ஸ்ட்ராடில் வைக்க வேண்டிய கட்டாயம் பெரும்பாலும் இருக்காது, வைக்காதீர்கள். மேஜை முழுக்க வைத்துக்கொண்டே இருந்தால் இடம் மாற்றித் தரச் சொல்லிக் கேளுங்கள்.

எப்படி ஆடுவது

நேரில் ஒரு மணி நேரத்துக்கு 25, 30 கைகள்தான் வரும். ஐந்து மணி நேரம் உட்கார்ந்தால் 150க்குள். ஜோடி கிடைப்பது 17 கைக்கு ஒன்று, அப்படியானால் ஒரு இரவில் எட்டு ஒன்பது தடவை. அந்த ஜோடி ஃப்ளாப்பில், அதாவது நடுவில் விழும் முதல் மூன்று பொதுச் சீட்டில், அதே மதிப்புள்ள மூன்றாவது சீட்டோடு சேருவது எட்டு ஒன்பது தடவைக்கு ஒன்று. இரண்டு ஏஸ் வருவதோ 221 கைக்கு ஒன்று, இரவு முழுக்க வராமலே போகலாம். ஆக, நீங்கள் காரைக்குடியிலிருந்து இவ்வளவு தூரம் வந்து அதிகமாகச் செய்யப்போகிற வேலை ஃபோல்ட் செய்வது, அதாவது சீட்டை வீசிவிட்டு ஒதுங்குவது. இதை மனதார ஏற்றுக்கொண்டவருக்கு இந்த மேஜை பிடிக்கும். கூடப் படித்தவன் நான்கு பேரைச் சேர்த்துக்கொண்டு போனால் இது முடியாது, ஒருவன் அலுத்துப்போய் ரூலெட்டுக்கு இழுப்பான், இன்னொருவன் ஐயாயிரம் கேட்பான். தனியாகப் போகச் சொல்வது இதற்காகத்தான்.

எனக்குச் சரியாகப் படும் முறை எளிமையானது. நல்ல ஜோடிகள், ஏஸ் ராஜா, ஏஸ் ராணி, ராஜா ராணி ஒரே இனத்தில், இவ்வளவுதான் ஆடும் கைகள். கடைசியாக ஆடும் இடத்தைக் காட்டும் டீலர் பட்டன் என்ற வட்டு உங்களிடம் இருந்தாலோ, நீங்கள் அதற்கு வலப்பக்கத்தில் இருந்தாலோ சின்ன ஜோடிகளையும் அடுத்தடுத்த சீட்டுகளையும் சேர்க்கலாம், ஏனென்றால் மற்றவர்கள் என்ன செய்தார்கள் என்று பார்த்த பிறகுதான் உங்கள் முறை வரும். ஆடுவதாக இருந்தால் உயர்த்தி ஆடுங்கள். சும்மா பிக் ப்ளைண்டுக்குக் கால் செய்து ஏழு பேரோடு ஃப்ளாப் பார்ப்பது பணத்தைக் கசியவிடுவது. சின்ன மேஜைகளில் ஆட்கள் ஃபோல்ட் செய்ய வருவதில்லை, எதற்கும் கால் செய்வார்கள். அவர்களிடம் பொய்க்கை ஆடாதீர்கள். கை உண்மையிலேயே நன்றாக இருக்கும்போது நல்ல தொகை வையுங்கள், பதில் வரும். இந்த ஒரு பழக்கம்தான் புதியவருக்கு மேஜையில் உட்காரும் தகுதியைத் தருகிறது என்பேன்.

கலர் துரத்துவதில்தான் நம் ஆட்களுக்குப் பணம் போகிறது. கணக்கைப் பாருங்கள். நடுவில் 2,000 ரூபாய், எதிராளி 1,000 வைக்கிறார், டர்ன் (நான்காவது பொதுச் சீட்டு) வந்துவிட்டது, உங்களுக்கு ஃப்ளஷுக்கு ஒரு இஸ்பேடு வேண்டும். 3,000 ரூபாயை எடுக்க நீங்கள் 1,000 போட வேண்டும், ஆக நான்குக்கு ஒரு தடவையாவது அந்த இஸ்பேடு வந்தால்தான் கட்டும். ஆனால் மிச்சம் ஒன்பது இஸ்பேடு, தெரியாத சீட்டு 46, ஐந்துக்கு ஒரு தடவைக்கும் கொஞ்சம் குறைவு. வந்தபின் எதிராளியிடமிருந்து மேலும் நல்ல தொகை கிடைக்கும் என்ற உறுதி இல்லாவிட்டால் ஃபோல்ட். ஃப்ளாப்பில் இருக்கும்போது இரண்டு சீட்டும் பார்க்கக் கிடைத்தால் 35 சதவீதம், அப்போது கதை வேறு.

எதிரில் அமைதியாக இருந்த ஆள் ரிவரில் (கடைசிப் பொதுச் சீட்டில்) திடீரென்று பெரிய தொகையை உயர்த்தினால், உங்களிடம் ஒரு ஜோடி மட்டும் இருந்தால், ஃபோல்ட் செய்துவிடுங்கள். அவர் என்ன வைத்திருந்தார் என்று தெரிந்துகொள்ள ஆசையாக இருக்கும்தான். அந்த ஆசைக்கு விலை பாதி பை-இன்.

எழுந்திருப்பது

ஐந்து மணி நேரம், அல்லது இரண்டு பை-இன், எது முதலில் முடிகிறதோ அதோடு எழுந்துவிடுங்கள். ஜெயித்துக்கொண்டிருந்தாலும் தூக்கம் வந்தால் எழுந்துவிட வேண்டும். சிப்பைக் கவுண்டரில் மாற்றி, ரசீது கொடுத்தால் வாங்கி வைத்துக்கொண்டு, பணத்தை உள்பையில் வைத்து, படகேறி நேராக அறைக்கு. அறையில் எண்ணி நோட்டில் எழுதிவிட்டுத்தான் படுக்கை: தேதி, எந்த மேஜை, எத்தனை மணி நேரம், உள்ளே போனது, வெளியே வந்தது. அடுத்த இரவுக்கான பணத்தை அன்றைய வரவு செலவு தொடக் கூடாது, முதல் இரவில் ஜெயித்தது ஆட்டப் பணத்தில் சேராமல் தனியாக நிற்கட்டும்.

இந்த நோட்டு ஊருக்கு வந்த பிறகும் வேண்டும். சீட்டாட்டத்தில் வந்த வெற்றித் தொகைக்கு 30 சதவீத வருமான வரி, மேலே செஸ். உங்கள் மற்ற வருமானம் எவ்வளவு குறைவாக இருந்தாலும் இந்த விகிதம் மாறாது, இரண்டாம் இரவில் தோற்றதை முதல் இரவின் வெற்றியில் கழித்துக்கொள்ளவும் சட்டம் விடாது. கேசினோவில் வரி பிடித்தம் செய்திருந்தால் உங்கள் பான் எண்ணில் அது ஏறியிருக்கும். ஜூலையில் கணக்குத் தாக்கல் செய்யப் போகும்போது நோட்டையும் ரசீதுகளையும் உங்கள் ஆடிட்டரிடம் கொடுத்து, இதைத் தனியாகக் காட்டச் சொல்லுங்கள்.